‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம்? பத்தாம் வகுப்பு மகளுக்கு அணிகளை எப்படிப் புரிய வைப்பது

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். கணக்கு, அறிவியல் எதிலும் சிக்கல் இல்லை. தமிழிலும் கட்டுரை, கடிதம் எல்லாம் நன்றாகவே எழுதுகிறாள். அணி என்று வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுகிறாள். நோட்ஸில் இருக்கிற இலக்கணத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் புதிதாக ஒரு குறளைக் கொடுத்து இதில் என்ன அணி என்று கேட்டால் முழிக்கிறாள்.

அவளாக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறாள்: வரியில் ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம். இதை வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி வருகிற வரிக்கு உவமையணி என்று எழுதியிருக்கிறாள், ஏனென்றால் அதில் ‘போல்’ வருகிறதாம். ‘அகர முதல’ குறளுக்கு உருவகம் என்று எழுதியிருக்கிறாள், ஏனென்றால் அதில் ‘போல’ இல்லையாம். இரண்டுக்கும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ‘அப்பா, என் லாஜிக் சரியாத்தானே இருக்கு’ என்று என்னிடம் கேட்கிறாள், நான் படித்தது காமர்ஸ், எனக்கும் சரியாகத்தான் தெரிகிறது!

போதாக்குறைக்குப் புதுச்சேரியில் இருக்கிற என் தங்கை மகன். அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. அவன் விடுமுறைக்கு வந்து சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் என்று ஆங்கிலப் பாடத்தை எடுத்துவிட, இருக்கிற குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. இலக்கணச் சூத்திரம் வேண்டாம், அது அவளிடமே இருக்கிறது. ஒரு வரியைப் பார்த்ததும் மனத்தில் என்ன கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பாதிரிநிழல் எழுதியது:

தம்பி, நான் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற ஓய்வு பெற்ற தமிழாசிரியை. உங்கள் பெண் செய்வதைத்தான் பாதி வகுப்பு செய்யும். அவள் ‘போல’வைத் தேடுகிறாள், வரியைப் படிக்கவில்லை. அதனால் முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வரிக்கு என்ன பொருள் என்று அவளுடைய சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கவிஞர் எதைப் பற்றிப் பேசுகிறார், அதைச் சொல்ல எதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார்? பேசப்படுவது உவமேயம், கொண்டுவந்து வைத்தது உவமை. இரண்டும் வரியில் இருக்கின்றனவா, இருந்தால் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டனவா, அல்லது ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டாரா?

தானே புயலைப் பார்த்த ஊர் நம் ஊர், அதனால் புயலை வைத்தே சொல்கிறேன். ‘புயல் வருமுன் படகைக் கரையேற்றுவது போலத் தேர்வு வருமுன் பாடத்தை முடி’ என்று சொன்னால் இரண்டும் இருக்கின்றன, நடுவில் ‘போல’வும் இருக்கிறது. உவமை. ‘கடலுக்குப் போகிறவர்கள் புயல் வருமுன்னே படகைக் கரையேற்றிவிடுவார்கள், படிக்கிற பிள்ளைகள் தேர்வு வருமுன்னே பாடத்தை முடித்துவிடுவார்கள்’ என்றால்? இரண்டு வாக்கியம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, ‘போல’ இல்லை, நாம்தான் மனத்தில் போட்டுக்கொள்கிறோம். எடுத்துக்காட்டு உவமை. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற பேத்தியைப் பார்த்து, ‘புயல் அடிக்கும்போது போய்ப் படகை இழுக்கிறியே’ என்று மட்டும் பாட்டி சொல்லிவிட்டுப் போனால்? பாடம், தேர்வு எதையும் பாட்டி வாயில் எடுக்கவே இல்லை. ஆனால் பேத்திக்குச் சுருக்கென்று தைக்கும். அது பிறிதுமொழிதல்.

‘தேர்வுப் புயலில் மாட்டிக்கொண்டாள்’ என்றால் தேர்வு வேறு புயல் வேறு என்கிற இடைவெளியே போய்விட்டது, தேர்வாகிய புயல், அது உருவகம். சரி, ‘தேர்வுப் புயலை நோட்ஸை வைத்துக்கொண்டே தாண்டிவிட்டாள்’ என்று சொன்னால்? தேர்வைப் புயல் ஆக்கியவர் நோட்ஸைப் படகு ஆக்கியிருக்க வேண்டும், ஆக்கவில்லை, அதை நம்மிடம் விட்டுவிட்டார். ஒரு பக்கம் உருவகம், மறுபக்கம் சும்மா. இதுதான் அவள் வாய்க்குள் நுழையாத ஏகதேச உருவகம்.

இப்போது குறளுக்கு வரலாம். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’. நிலமும் பொறுமையும் ‘போல’வும் வெளிப்படையாக இருக்கின்றன, உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’. எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல், இரண்டு வாக்கியம், நடுவில் ‘போல’ மாதிரி உவம உருபு இல்லை, எடுத்துக்காட்டு உவமை. அகரம்தான் பகவன் என்று குறள் எங்கேயும் சொல்லவில்லை, அதனால் உருவகம் ஆகாது. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’. பிறவியைக் கடல் ஆக்கினார், அடியைத் தெப்பம் ஆக்கவில்லை, ஏகதேச உருவகம்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’ குறளை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பீலி மயில் இறகு, சாகாடு வண்டி, இறும் என்றால் முறியும். மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும், குறள் அத்தோடு முடிந்தது. அரசன் எங்கே, பகை எங்கே? ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் குறள் இருக்கிற அதிகாரம் வலியறிதல். பகைவர் தனித்தனியே எளியவர்கள் என்றாலும் பலர் ஒன்று சேர்ந்தால் வலியவனும் முறிவான் என்பதை அதிகாரத்தின் பெயரை வைத்துத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். பிறிதுமொழிதல் என்று சந்தேகம் வந்தால் அதிகாரப் பெயரைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முத்தியால்பேட்டைக்காரன் (புதுச்சேரி) எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு மேல் உவமையில் சொல்ல ஒன்றும் இல்லை. கொடி விஷயத்தை யாரும் தொடவில்லை, அதற்கு நான் வருகிறேன், எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இன்றைக்காவது பயன் இருக்கட்டும்.

‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி, வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில் மேல் கொடி காற்றில் அசைகிறது. கொடி என்றால் அசையத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இளங்கோ அந்த அசைவுக்குத் தானாக ஒரு காரணம் ஏற்றுகிறார்: ‘வராதீர்கள்’ என்று கையை மறித்துக் காட்டுகிறதாம். இயல்பாக நடக்கிற ஒன்று, அதன் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது, தற்குறிப்பேற்றம். அங்கே வருகிற ‘போல்’ ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிடவில்லை. கொடி எதைப் போல இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கொடி ஏன் அசைகிறது என்று கேளுங்கள், பதில் வரும். ‘எதைப் போல’ என்றால் உவமை, ‘எதற்காக’ என்றால் தற்குறிப்பேற்றம்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு பயிற்சி கொடுக்கலாம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் கரை ஓரமாகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அலை வந்து அதில் மோதித் திரும்பும். மோதுவது இயல்பு. ‘என் மணலில் யார் கல்லைக் கொட்டியது என்று கேட்டுக் கேட்டு அலை முட்டிக்கொள்கிறது’ என்று எழுதினால் தற்குறிப்பேற்றம் தயார்.

உங்கள் தங்கை மகன் சொல்கிற பெர்சானிஃபிகேஷனும் இதுவும் பக்கத்து வீடுகள்தான், ஆனால் ஒரே வீடு இல்லை. ‘கடல் சிரித்தது’ என்று மட்டும் சொன்னால் கடலுக்கு மனிதச் செயல் கொடுத்தாயிற்று, ஆங்கில வகுப்பில் அதுவே போதும். தற்குறிப்பேற்றத்துக்கு அது போதாது, உண்மையில் நடக்கிற ஒரு நிகழ்ச்சியும் வேண்டும், அதற்குக் கற்பித்த காரணமும் வேண்டும். தமிழ்த் தேர்வில் தமிழ்ப் பெயர், ஆங்கிலத் தேர்வில் ஆங்கிலப் பெயர் என்று இப்போதைக்குத் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

டீச்சர், சார், இருவருக்கும் நன்றி. படகு உதாரணத்தைச் சொன்னதும் பளிச்சென்று பிடித்துக்கொண்டாள். கூடவே ஒரு வில்லங்கமும் பிறந்துவிட்டது. ‘மலர்முகம், முகமலர் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லு’ என்று கேட்டேன், அழகாகச் சொன்னாள்: மலர் போன்ற முகம் உவமைத்தொகை, முகமாகிய மலர் உருவகம். சாப்பிட உட்கார்ந்ததும், ‘அப்போ மீன்குழம்பு என்னப்பா? மீன் போன்ற குழம்பா, மீனாகிய குழம்பா?’ என்று கேட்டுவிட்டு அவளும் அவள் அம்மாவும் சிரிக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

பாதிரிநிழல் எழுதியது:

கெட்டிக்காரப் பெண்ணாக இருக்கிறாளே! மீன்குழம்பு என்பது மீனை இட்டு ஆக்கிய குழம்பு, அது வேற்றுமைத்தொகைப் பக்கம் போய்விடும், ‘ஐ’ என்கிற உருபும் ‘இட்டு ஆக்கிய’ என்கிற சொல்லும் மறைந்து நிற்கின்றன, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று படித்திருப்பாள். இரண்டு சொல் ஒட்டி நின்றாலே உவமை உருவகம் என்று ஓடக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒப்புமை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒப்புமை எதில் என்பதையும் கேட்டுப் பழகட்டும். தொல்காப்பியர் உவமவியலில் நான்கே நான்கு சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி மறவன் என்றால் பாய்வதில் ஒப்புமை, வினை. மழைக்கை என்றால் கொடுப்பதால் வரும் நன்மையில், பயன். துடியிடை (துடி என்றால் உடுக்கை) வடிவத்தில், மெய். பவளவாய் நிறத்தில், உரு. எந்தத் தொகையையும் இதில் போட்டுப் பார்க்கலாம், மீன்குழம்பு எதிலும் நிற்காது, தேன்தமிழ் நிற்கும். தேன்தமிழைத் திருப்பித் தமிழ்த்தேன் என்று சொல்லிவிட்டால் தமிழாகிய தேன், உருவகம். பேசப்படும் பொருள் எது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்: அது பின்னால் வந்தால் உவமைத்தொகை, முன்னால் வந்து உவமை பின்னால் போனால் உருவகம்.

ஓ.டி. பையன் எழுதியது:

நான் போன வருஷம் பத்தாவது எழுதியவன், அனுபவத்தில் சொல்கிறேன் அண்ணா. அணியைக் கண்டுபிடிப்பதில் தப்பு நடப்பதை விட, சரியாகக் கண்டுபிடித்துவிட்டுப் பொருத்திக் காட்டாமல் விடுவதில்தான் மார்க் போகிறது. அணி விளக்கம் இரண்டு வரி, குறள், அப்புறம் உவமை இது, உவமேயம் இது, உருபு இது என்று பிரித்து எழுத வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் குறளை எழுதியதோடு நிறுத்திவிடுவார்கள்.

எனக்கும் ஒரு சந்தேகம், பின்வருநிலை அணி மூன்றில் எது எது என்று இன்னும் குழப்பம்தான். அப்புறம் எதுகை மோனை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்தானே? ‘பட்டு, பாட்டு’ எதுகை என்று எழுதினேன், தவறு என்றார்கள், ஏன் என்று சொல்லவில்லை.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

பின்வருநிலை சுலபம் தம்பி. வந்த சொல்லே திரும்பத் திரும்ப வந்து பொருள் மட்டும் மாறினால் சொல் பின்வருநிலை, ‘படியில் உட்கார்ந்து படி’ மாதிரி. சொல் மாறி மாறி வந்து பொருள் ஒன்றாகவே இருந்தால் பொருள் பின்வருநிலை: ‘அவிழ்ந்தன தோன்றி அலர்ந்தன காயா நெகிழ்ந்தன நேர்முகை முல்லை’, மூன்றும் பூத்தன என்பதுதான். சொல்லும் பொருளும் சேர்ந்தே திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை: ‘எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு’. எதுகையை டீச்சரிடமே விட்டுவிடுகிறேன், அவர்கள் ஊர்ப் பாட்டே இருக்கிறது.

பாதிரிநிழல் எழுதியது:

இருக்கத்தான் இருக்கிறது, கேட்காமலே சொல்லியிருப்பேன்! அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு நம் கடலூரில் கரையேறினார் என்று வரலாறு சொல்வார்கள். கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. அப்போது பாடியதாகச் சொல்லும் பதிகத்தின் முதல் பாட்டு:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே

சொற், பொற், கற், நற். நான்கு அடியிலும் இரண்டாவது எழுத்து ‘ற்’. புள்ளி வைத்த எழுத்தும் ஓர் எழுத்துதான், அதைத் தாண்டிக்கொண்டு எண்ணக் கூடாது, பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. இப்போது முதல் எழுத்தைப் பாருங்கள், நான்கும் குறில். கரையேறிய பிறகு திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் பாடிய பாட்டு ‘ஈன்றாளுமாய்’ என்று தொடங்கும், அடுத்த அடிகள் ‘மூன்றாய்’, ‘ஏன்றான்’, ‘தோன்றாத்’ என்று தொடங்கும். இரண்டாம் எழுத்து எல்லாவற்றிலும் ‘ன்’, முதல் எழுத்து எல்லாம் நெடில். எதுகைக்கு இந்த இரண்டுமே வேண்டும்: இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்து அளவில் ஒக்க வேண்டும். ‘ப’ குறில், ‘பா’ நெடில், அதனால்தான் உன் பட்டும் பாட்டும் எதுகை ஆகவில்லை. பாட்டுக்குக் காட்டு, கூட்டு, வீட்டு எதை வேண்டுமானாலும் வை. பட்டுக்குக் கட்டு, மொட்டு, சிட்டு.

மோனையில் இப்படிக் கறார் கிடையாது. முதல் எழுத்து அதே எழுத்தாகத்தான் வர வேண்டும் என்பதில்லை, இன எழுத்து வந்தாலும் மோனைதான். சகரத்துக்குத் தகரம், நகரத்துக்கு ஞகரம், மகரத்துக்கு வகரம். உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம், உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். இது தெரியாமல் நல்ல மோனை இருக்கிற அடியைப் பார்த்து ‘மோனை இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார்கள். இணை, பொழிப்பு, ஒரூஉ வகைகளெல்லாம் எந்தெந்தச் சீரில் வருகிறது என்கிற கணக்குதான், ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

நெல்லிக்குப்பம் எக்ஸ்பிரஸ் எழுதியது:

எல்லாம் சரி, இத்தனையும் மார்க்குக்குத்தானே? இன்றைக்கு எந்தக் கவிஞர் ஏகதேச உருவகம் போட வேண்டும் என்று நினைத்து எழுதுகிறார்? பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப் போகிற பெயர்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை சகோ. பெயர் மறக்கட்டும், பார்க்கிற பழக்கம் நிற்கும் என்பதுதான் என் கட்சி. பாரதி 1908 முதல் 1918 வரை எங்கள் ஊரில் இருந்தார், கிளம்பிப் போகிற வழியில் உங்கள் கடலூர்ப் பக்கம்தான் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவருடைய ‘அக்கினிக் குஞ்சொன்று கண்டேன், அதை அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன், வெந்து தணிந்தது காடு’ என்கிற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் என்ன என்று வெளியே சொல்லவில்லை, குஞ்சும் காடும் மட்டும்தான் இருக்கின்றன. டீச்சர் சொன்ன கணக்குப்படி பிறிதுமொழிதல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பீலி வண்டிக்கு அதிகாரப் பெயர் பொருளைக் கட்டிப்போட்டுவிட்டது, அதற்கு ஒரே பொருள். அக்கினிக் குஞ்சுக்கு அப்படி ஒரு கட்டு கிடையாது. விடுதலை வேட்கை என்று ஒருவர் படிப்பார், அறிவு என்று இன்னொருவர் படிப்பார், எல்லாமே நிற்கும். இதைத்தான் குறியீடு என்று மேல்வகுப்பில் படிப்பாள். பிறிதுமொழிதலை ஒழுங்காகப் படித்தவளுக்கு இந்த வித்தியாசம் உடனே தட்டுப்படும், படிக்காதவளுக்கு இரண்டும் ‘ஏதோ மறைமுகமாகச் சொல்கிறார்’ என்பதோடு போய்விடும்.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணி 35 என்று அடுக்குகிறது, அத்தனையும் பத்தாம் வகுப்புக்குத் தேவை என்று நானும் சொல்லமாட்டேன்.

கெடிலக்கரை எழுதியது:

நேற்று ராத்திரி பாடப்புத்தகத்தில் இருந்து ஒரு குறளைக் கொடுத்து, அணிப் பெயரை மறைத்து வைத்துக் கேட்டேன். ‘தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், டீச்சர் திருத்தித் தர வேண்டும்:

‘அனையர் என்றால் போன்றவர் என்று பொருள். அதனால் முதலில் உவமை என்று தோன்றியது. ஆனால் திருவள்ளுவர் கயவரைத் தேவர் என்று உண்மையாகவே பாராட்டுவாரா? தேவர்களைக் கேள்வி கேட்க ஆள் இல்லை, அவர்கள் விரும்பியதைச் செய்வார்கள். கயவர்களும் யார் சொல்வதையும் கேட்காமல் விரும்பியதைச் செய்வார்கள். புகழ்வது போல ஆரம்பித்துத் திட்டுகிறார். அதனால் இது வஞ்சப்புகழ்ச்சி அணி.’

பாதிரிநிழல் எழுதியது:

திருத்த அதிகம் இல்லை தம்பி. ‘திட்டுகிறார்’ என்பதை மட்டும் ‘பழிக்கிறார்’ என்று மாற்றச் சொல்லுங்கள், திருத்துபவருக்கு உறுத்தக் கூடாது. ‘மேவன’ என்றால் விரும்பியவை என்பதைத் தனியாக ஒரு வரி எழுதட்டும், பொருளைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்பது திருத்துபவருக்குத் தெரிய வேண்டும். அடுத்து ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ குறளைக் கொடுங்கள். அதிகாரம் எது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவளே தேடி எடுக்கட்டும்.